திருத்தத்துடன் ஏற்கப்பட்டது

பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள்.
அதற்குள் எங்கள் கவுண்டிக்கு இரண்டு பிரகடனம்:
இதய நல மாதம் என்று ஒன்று,
கறுப்பின வரலாற்று மாதம் என்று ஒன்று.
ஆறாம் உருப்படி, ஏழாம் உருப்படி.
எட்டாவது, ஓடைச் சாலையில் இடிந்துபோன மதகு.

பதினேழு வருடமாக இவற்றைத் தட்டச்சு செய்பவள் நான்,
வெர்டெல் மாபின், எழுத்தர்.
உள்ளதைச் சொன்னால் தட்டச்சுகூட இல்லை:
போன வருடக் கோப்பைத் திறப்பேன்,
ஆண்டை மாற்றுவேன்,
தங்க முத்திரை ஒட்டுவேன்.
ஏழாம் தாளோடு படம் எடுக்க
என்னையும் கூப்பிடுவார்கள். ஆறாம் தாளுக்குக் கூப்பிட்டதில்லை.

என்பதாலும், என்பதாலும், என்பதாலும் என்று
சரக்கு ரயில்போல் நீளும் அந்த வாக்கியம்.
கடைசியில் "ஆகவே" என்று ஓர் என்ஜின்.
அது எதையும் இழுத்து நான் பார்த்ததில்லை.

இந்தக் குளிரில்
நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது.
மூடிப்போன கவுண்டி ஆஸ்பத்திரியின் பேரேடுகளை
ஊறிய அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்து
ஹீட்டர் முன் பக்கம் பக்கமாக உலர்த்தினேன்.
1959, பிப்ரவரி ஒன்பது.
நீல மை கசிந்திருந்தது. படிக்க முடிந்தது:

லூஷியஸ் கேதர். கறுப்பர். வயது முப்பத்தாறு. மார்வலி.
முன்வாசலுக்கு வந்தார்.
பின்வாசலுக்கு அனுப்பப்பட்டார்.
வந்து சேரவில்லை.

அந்தக் கட்டடத்தில் இப்போது வாகனப் பதிவு அலுவலகம்.
மதிய இடைவேளையில் போய்
முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நடந்து பார்த்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு காலடி.
வலி இல்லாதவளின் காலடி.

ஒரு வரி சேர்த்தேன்.
வரலாற்றுத் தாளில் அல்ல,
இதயத் தாளில்.
தினம் அரை மணி நேரம் நடப்பது நல்லது என்பதாலும்
என்ற வரிக்கும்
உப்பைக் குறைத்தல் அவசியம் என்பதாலும்
என்ற வரிக்கும் நடுவே.
யாரையும் கேட்கவில்லை.

அன்று மாலை கூடத்தில் எங்கும் சிவப்பு டை, சிவப்பு ஸ்வெட்டர்.
வாசலில் ஒரு நர்ஸ்
வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கமிஷனர் ப்ரூயிட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
முன்கூட்டிப் படித்துவிட்டு வருகிறவர் இல்லை அவர்.
நடையைப் படித்தார்.
அடுத்து,

"இதே கவுண்டியின் ஆஸ்பத்திரி முன்வாசலிலிருந்து
லூஷியஸ் கேதர் என்ற மனிதரை
இருநூற்றுப் பன்னிரண்டு காலடி சுற்றிப் போகச் சொன்னோம்..."

சொன்னோம் என்ற இடத்தில் குரல் நின்றது.
தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லை.
என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்:
"என்பதாலும்" என்றார்.
உப்பையும் படித்து முடித்தார்.

மௌனத்தை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றும் வழக்கம் இல்லை.
வாசலில் யாரோ ஒருவர் கையில் கட்டிய பட்டை
உஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் மட்டும்.

மதகுக்காக வந்திருந்த ஒருவர் எழுந்தார்.
எழுபதைத் தொடும் வயது, சேறு காயாத பூட்ஸ்,
கையில் இடிந்த மதகின் போட்டோக்கள்.
காவலர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"கேதர் இல்லீங்க, கேதர்ஸ்.
கடைசியில ஓர் எழுத்து இருக்கு.
எங்கப்பா அதை விடாம எழுதுவார்."
கொஞ்சம் யோசித்தார்.
"பேச எனக்கு மூணு நிமிஷம் உண்டுல்ல?
மிச்சத்தை மதகுக்கு வச்சுக்கறேன்."

அறுபது வருடத்துக்கு மேல் பேரேட்டில் இல்லாத எழுத்தை
எல்லார் முன்பும் பேனாவால் எழுதினேன்.
முன்மொழிந்தவர் ப்ரூயிட்.
வழிமொழியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆறாம் உருப்படி: திருத்தத்துடன் ஏற்கப்பட்டது.
ஏழாம் உருப்படி: ஏற்கப்பட்டது. படம் எடுக்கப்பட்டது.
எட்டாம் உருப்படி: திரு. ராஸ்கோ கேதர்ஸ் பேசினார்,
இரண்டு நிமிடம் பத்து நொடி.
மதகு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.